டீனா டர்னரின் 'வாட்ஸ் லவ் காட் டு டூ வித் இட்': இது காதல் வேண்டாம் என்கிற பாட்டா?

கேள்வி: நித்யா_ஈரோடு

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாதம் என் கல்லூரித் தோழிக்குக் கல்யாணம். வரவேற்பில் டிஜே போட வேண்டிய பாட்டுப் பட்டியலை என் தலையில் கட்டிவிட்டார்கள். பழைய ஆங்கிலப் பாட்டும் நாலைந்து இருக்கட்டும் என்று பாடகி டீனா டர்னரின் 'வாட்ஸ் லவ் காட் டு டூ வித் இட்' பாட்டைச் சேர்த்தேன். நான் முதலில் கேட்டது 2020இல் கைகோ என்ற நார்வே டிஜே செய்த ரீமிக்ஸ்தான். எங்கள் ஜிம்மில் ஓடிக்கொண்டே இருக்கும். அப்புறம்தான் 1984இல் வந்த அசலைத் தேடிக் கேட்டேன். அது இன்னும் பிடித்துப்போனது.

பட்டியலைப் பார்த்த மாப்பிள்ளையின் அக்கா வாட்ஸப்பில் ஒரு நீள ஆடியோ அனுப்பிவிட்டார். "கல்யாண வீட்டில் வந்து காதலுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கிற பாட்டா? உனக்கு வேறு பாட்டே கிடைக்கவில்லையா?" என்று.

பல்லவியை மட்டும் கேட்டால் அவர் சொல்வது சரி என்றுதான் தோன்றுகிறது. காதல் யாரோ உடுத்திப் போட்ட பழைய துணி மாதிரி ஓர் உணர்வு, உடையத்தான் போகிறது என்றால் இதயம் எதற்கு என்கிறது. ஆனால் அந்தக் குரலில் வெறுப்பு தெரியவில்லையே. முதல் சரணத்திலேயே அவன் கை பட்டதும் நாடி துடிக்கிறது என்கிறாரே. காதல் வேண்டாம் என்கிறவர் ஏன் அதைச் சொல்ல வேண்டும்?

பாட்டின் பொருள் உண்மையில் என்ன? முதல் கணவர் ஐக் டர்னரைப் பற்றிய பாட்டு என்று சிலர் சொல்கிறார்களே, அது சரியா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். டிஜேவிடம் பட்டியலைக் கொடுக்க வேண்டும்.

பதில்: கோபி_88

இதில் சந்தேகமே வேண்டாம் நித்யா. ஐக் டர்னர் அந்த அம்மாவைப் போட்டு அடித்த கதை உலகத்துக்கே தெரியும். 1993இல் இதே பெயரில் படமே வந்தது. ஏஞ்சலா பாசெட் டீனாவாக நடித்து ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். ஒரு தடவை பாருங்கள், புரிந்துவிடும். அவ்வளவு அடி வாங்கிய பிறகு ஒரு பெண் காதலைப் பற்றி வேறு என்ன பாடுவாள்? பாட்டு அவருடைய வாழ்க்கைதான்.

பட்டியலிலிருந்து தூக்கிவிடுங்கள். சம்பந்தி வீட்டோடு எதற்கு வம்பு.

பதில்: பழைய_கீபோர்டு

கோபி தம்பி, படத்தைப் பார்த்துவிட்டுப் பாட்டுக்குப் பொருள் சொன்னால் இப்படித்தான் ஆகும். பாட்டு வந்து ஒன்பது வருஷம் கழித்து வந்த படம் அது. பாட்டின் பெயரைப் படத்துக்கு வைத்தார்கள், அப்புறம் எல்லாரும் படத்தின் கதையைப் பாட்டுக்கு வைத்துவிட்டார்கள்.

நான் எண்பதுகளின் கடைசியிலிருந்து மெட்ராஸில் ஓட்டல் பேண்டுகளில் கீபோர்டு வாசித்தவன். சனிக்கிழமை ராத்திரி இந்தப் பாட்டு இல்லாமல் எங்களை இறங்க விட மாட்டார்கள். டிஷ்யூ பேப்பரில் பாட்டின் பெயரை எழுதி வெயிட்டரிடம் கொடுத்து மேடைக்கு அனுப்புவார்கள். அப்படிக் கேட்டவர்களில் கல்யாண நாள் கொண்டாட வந்த புருஷன் பெண்டாட்டிகளும் உண்டு. கையைப் பிடித்துக்கொண்டு ஆடுவார்கள். இது அபசகுனம் என்று ஒருத்தரும் சண்டைக்கு வந்ததில்லை.

முதலில் பாட்டு யாருடையது என்று பார்ப்போம். டீனா இதை எழுதவில்லை. டெர்ரி பிரிட்டன், கிரகாம் லைல் என்று இரண்டு ஆண்கள் சேர்ந்து எழுதியது. டெர்ரி ஏற்கெனவே இங்கிலாந்துப் பாடகர் கிளிஃப் ரிச்சர்டுக்கு 'டெவில் உமன்' எழுதியவர்களில் ஒருவர். லைல், 'கல்லகர் அண்டு லைல்' என்ற இரட்டையரில் ஒருவர். பாட்டு முதலில் போனது கிளிஃப் ரிச்சர்டிடம். அவர் வேண்டாம் என்றார். அமெரிக்க டிஸ்கோ பாடகி டோனா சம்மரிடமும் போய், பாடப்படாமல் திரும்பியது. பக்ஸ் ஃபிஸ் என்ற பிரிட்டிஷ் குழு பதிவே செய்துவிட்டது. அதற்குள் டீனாவின் பாட்டு வந்துவிட, தங்களுடையதைக் கிடப்பில் போட்டார்கள். அது வெளியே வந்தது 2000இல்.

இதில் வேடிக்கை, டீனாவுக்கே பாட்டு பிடிக்கவில்லை. ராக் பாடிப் பழகிய தொண்டைக்கு இது சப்பென்று இருப்பதாக அவருக்குப் பட்டது. மேனேஜர் ரோஜர் டேவிஸ் விடாப்பிடியாக நின்று பாட வைத்தார். கிளிஃப் ரிச்சர்டு மட்டும் சரி என்று தலையாட்டியிருந்தால் இன்றைக்கு இதில் ஐக் டர்னரைத் தேடுகிறவர் யாராவது இருப்பார்களா?

சரி, பொருளுக்கு வருவோம். இந்தப் பாட்டைப் பல்லவியிலிருந்து கேட்காமல் சரணத்திலிருந்து கேட்க வேண்டும் நித்யா. நீங்களே அதைப் பிடித்துவிட்டீர்கள். அவன் கை படுகிறது, நாடி எகிறுகிறது. அடுத்த மூச்சிலேயே அவள் விளக்கம் கொடுக்கத் தொடங்குகிறாள். இது ஆணும் பெண்ணும் சந்தித்தால் வருகிற கிளர்ச்சிதான், எதிரெதிர் துருவம் இழுக்கும், உடம்பு சம்பந்தப்பட்டது, கணக்குப் போட்டால் வந்துவிடும் விடை, இதற்கு மேல் இதில் ஏதோ இருப்பதாக உனக்குத் தோன்றினால் கண்டுகொள்ளாதே. அவன் ஒன்றுமே கேட்கவில்லை, கவனியுங்கள். யாரும் கேட்காத கேள்விக்கு இத்தனை பதில் சொல்கிறாள் என்றால் கேள்வி அவளுக்குள்ளேதான் இருக்கிறது.

இரண்டாவது சரணத்தில் இன்னும் மாட்டிக்கொள்கிறாள். நீ பக்கத்தில் வந்தால் நான் குழம்பிப்போன மாதிரி உனக்குத் தெரியலாம், கண் சொக்கிப்போன மாதிரி இருக்கலாம், இதற்கெல்லாம் காரணம் உண்டு என்று எங்கேயோ படித்திருக்கிறேன் என்கிறாள். படித்தாளாம்! தன் உடம்பில் நடப்பதைப் பத்திரிகையில் படித்த சமாச்சாரம் மாதிரி சொல்கிறாள். இதற்கென்று ஒரு பெயர்கூட இருக்கிறது என்கிறாள், அந்தப் பெயரை மட்டும் சொல்ல மாட்டாள். அது பல்லவியில்தான் வாயில் வரும். அதுவும் அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வியாக வரும்.

அப்புறம் ரீமிக்ஸில் உங்கள் காதில் விழாமல் போயிருக்கக்கூடிய ஓர் இடம் உண்டு. பாட்டின் பின்பாதியில், நான் இப்போது வேறு வழியில் போய்க்கொண்டிருக்கிறேன், என் பாதுகாப்பைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே வந்து, எனக்கு இப்படித் தோன்றுவது பயமாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டுவிடுகிறாள். அதுதான் பாட்டு. மற்றதெல்லாம் அந்த வரியைச் சொல்லாமல் இருக்க அவள் பேசுகிற பேச்சு. முன்னே ஒரு தடவை காதலில் விழுந்து எழுந்தவள், மறுபடி விழப் போகிறோம் என்று தெரிந்ததும் காதலைக் குறைத்துப் பேசுகிறாள். காதலின் மேல் நம்பிக்கையே இல்லாதவளுக்குப் பயம் எதற்கு?

எங்கள் பேண்டில் பாடிய அக்கா அந்த வரி வந்ததும் மைக்கை ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொள்வார். குரல் அப்படியே பின்னால் போகும். சவுண்டுக்காரன் ஏதோ கோளாறு என்று வால்யூமைக் கூட்டுவான். ஏன் அக்கா அப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். "பயமா இருக்குன்னு யாராவது மைக்கில கத்துவாங்களாடா?" என்றார்.

பதில்: தேவி_சூரிச்

கீபோர்டு அண்ணா, நீங்கள் வரிகளுக்குச் சொன்ன விளக்கம் நல்லா இருக்கு. ஆனால் யார் எழுதினது, யாரிட்ட முதல் போனது என்பதை வைத்து டீனாவின் வாழ்க்கையை வெளியில நிப்பாட்டுறதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எழுதினவர் ஒருத்தர், பாடினவர் ஒருத்தர். கேட்கிற ஆளுக்குக் குரல்தான் வந்து சேருது.

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கோ. 1976 ஜூலையில டல்லாஸ் நகரத்து ஹோட்டல் ஒன்றில ஐக் நித்திரையாகக் கிடந்த நேரம் பார்த்து, உடுப்பில ரத்தத்தோட வெளியில வந்தவ. கையில இருந்தது 36 சென்ட்டும் ஒரு பெட்ரோல் கடன் அட்டையும். பெருந்தெருவைக் குறுக்கால கடந்து இன்னொரு ஹோட்டலில போய் நின்று, ஓர் அறை தாங்கோ, பிறகு காசு தாறன் என்று கேட்டவ. 1978இல விவாகரத்து முடிஞ்சபோது பாட்டு வருமானத்துக்கெல்லாம் சண்டை பிடிக்காமல் தன்ர மேடைப் பெயரை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று நின்றவ. பிறந்த பெயர் ஆனா மே புல்லக். டீனா டர்னர் என்ற பெயர் ஐக் வைச்சது. அதையே தன்ர சொத்தாக்கிக்கொண்டு போனா.

இது ஒன்றும் படம் வந்த பிறகு வெளியில வந்த கதை இல்லை. 1981இலேயே 'பீப்பிள்' சஞ்சிகைக்குப் பேட்டி குடுத்துச் சொல்லிவிட்டா. 1984இல பாட்டு வந்தபோது அவவுக்கு 44 வயது. அமெரிக்காவில முதலிடத்தில மூன்று கிழமை நின்றது. அந்த வயதில அந்த இடத்தைத் தனியாகப் பிடிச்ச முதல் பாடகி அவதான். அடுத்த வருசம் மூன்று கிராமி இந்தப் பாட்டுக்கு மட்டும். இருபது வயதுப் பிள்ளை எனக்குப் பயமாக இருக்கு என்று பாடினால் அது கொஞ்சல். 44 வயதில, அந்த உடைஞ்ச தொண்டையில டீனா பாடினால் யாரும் ஏன் என்று கேட்கிறதில்லை. கிளிஃப் ரிச்சர்டு பாடியிருந்தால் கேட்டிருப்பம்.

இன்னொன்று. நான் இருக்கிற இடத்தில இருந்து குஸ்நாக்ட் கிட்ட. சூரிச் ஏரிக்கரையில அவ கடைசி வரைக்கும் இருந்த ஊர். 1986 வாக்கில சந்திச்ச ஏர்வின் பாக்கோட சேர்ந்து வாழ்ந்தவ. அவர் கல்யாணம் கட்டுவமோ என்று முதல் கேட்டபோது டீனா ஓம் என்று சொல்லவில்லை. கட்டினது 2013இல. 2017இல அந்த மனுசன் தன்ர சிறுநீரகத்தில ஒன்றை அவவுக்குக் குடுத்தவர். தன்ர பாதுகாப்பை யோசிக்கிறன் என்ற வரியை அவ வாழ்ந்துதான் காட்டினா என்று எனக்குத் தோன்றும். காதலையும் விடவில்லை, காவலையும் விடவில்லை. 2023 மே மாதம் அவ செத்தபோது வீட்டு வாசல் முழுக்கப் பூவும் மெழுகுதிரியும். வேலை முடிஞ்சு நானும் போனனான். அங்க நின்ற அரைவாசிப் பேர் வயது போன சோடிகள்.

நித்யா, பாட்டை எடுக்காதேங்கோ.

நித்யா_ஈரோடு

கீபோர்டு அண்ணா, தேவி அக்கா, ரொம்ப நன்றி. அந்தப் பயம் வரியை இப்போதுதான் ஹெட்போன் போட்டுக் கேட்டேன். எத்தனையோ தடவை கேட்ட பாட்டு, அந்த வரி மட்டும் காதில் ஏறவே இல்லை.

இன்னொரு சந்தேகம். இவ்வளவு பயமும் வலியும் இருக்கிற பாட்டுக்கு மெட்டு ஏன் இப்படி ஜாலியாக இருக்கிறது? தலையை ஆட்டிக்கொண்டு நடக்கத் தோன்றுகிறதே தவிர அழுகை வரவில்லையே.

பதில்: பழைய_கீபோர்டு

தேவி தங்கச்சி, நீங்கள் சொன்ன கதையில் ஓர் எழுத்தைக்கூட மறுக்கவில்லை. என் சண்டை ஐக்கோடுதான். பாட்டை அவன் பெயரில் பட்டா போட்டுக் கொடுக்காதீர்கள் என்கிறேன். சரணத்தில் பேசுகிற பெண் பழைய புருஷனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எதிரில் நிற்கிற புது ஆளிடம்தான் பேசுகிறாள். பேச்சே இப்போது நடப்பதைப் பற்றி.

நித்யாவின் கேள்வி வாசிக்கிறவனுக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. சோகமாக மெட்டுப் போட்டிருந்தால் இது புலம்பல் ஆகியிருக்கும். காதல் என்னை ஏமாற்றிவிட்டது என்று அழுகிறவளை நாம் நம்பிவிடுவோம், கதை அங்கேயே முடிந்துபோகும். இங்கே தாளம் நிதானம், கொஞ்சம் ரெகே என்கிற ஜமைக்கா இசையின் சாயல், அவசரமே இல்லை. எனக்கு ஒன்றுமில்லை, நான் நன்றாக இருக்கிறேன் என்று காட்டிக்கொள்கிற தாளம் அது. சரணத்தில் டீனா கீழ் சுருதியில் பேசுகிற மாதிரி பாடுகிறார். எப்படிக் கத்தக்கூடிய மனுஷி என்று நமக்குத் தெரியும். 1966இல் ஃபில் ஸ்பெக்டர் தயாரித்த 'ரிவர் டீப் மவுண்டன் ஹை' கேட்டுப் பாருங்கள், அத்தனை வாத்தியத்துக்கும் மேலே ஏறி நிற்பார். அப்பேர்ப்பட்ட தொண்டையை இங்கே பிடித்து அடக்கி வைத்திருக்கிறார். அந்த அடக்கத்தால்தான் உங்களுக்கு அது வெறுப்பு மாதிரி கேட்கவில்லை. பல்லவிக்கு வந்ததும் கொஞ்சம் விடுவார், திரும்ப இழுத்துக்கொள்வார். கடைசிப் பல்லவிகளில் சுருதி மேலே ஏறும், அப்போதுதான் கட்டு அவிழும். அதே வார்த்தைதான், ஆனால் ஆரம்பத்தில் அலட்சியமாகக் கேட்ட கேள்வியை இப்போது தவிப்போடு கேட்கிறார்.

நடுவில் மவுத்தார்கன் மாதிரி ஒரு தனி வாசிப்பு வரும். அது மவுத்தார்கன் இல்லை, யமஹா டிஎக்ஸ்7 கீபோர்டில் இருந்த டோன். 1983இல் வந்த பெட்டி, எண்பதுகளின் பாதிப் பாட்டில் அதன் சத்தம்தான். என் கீபோர்டில் அந்த டோன் கிடையாது. புல்லாங்குழலை வைத்து ஒப்பேற்றினேன். கேட்கச் சகிக்காது, ஆனால் ஆடுகிறவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. உண்மையான மவுத்தார்கன் வைத்திருந்தால் அந்த இடம் உருகியிருக்கும் என்று நினைக்கிறேன். இந்தப் பொய்ச் சத்தம் கொஞ்சம் கண்ணாடி மாதிரி குளிர்ச்சியாக இருப்பது அவள் பேச்சுக்குப் பொருந்துகிறது.

வீடியோவும் பாருங்கள். ஜீன்ஸ் ஜாக்கெட், குட்டைத் தோல் பாவாடை, ஹை ஹீல்ஸ், சிலிர்த்து நிற்கிற தலைமுடி. நியூயார்க் தெருக்களில் நடந்துகொண்டே பாடுவார். அந்த நடையைப் பார்த்தால் இவர் யாருக்கும் பயப்படுவார் என்று தோன்றாது. அதனால்தான் அந்த ஒரு வரி குத்துகிறது. எம்டிவி 1985இல் இதற்குச் சிறந்த பெண் வீடியோ விருது கொடுத்தது.

மேடையில் கூட்டத்தையும் பாட வைப்பார். 1988 ஜனவரியில் ரியோவின் மரக்கானா மைதானத்தில் சுமார் 1,80,000 பேர் முன்னால் பாடியது வீடியோவாக இருக்கிறது. காதலுக்கு இங்கே என்ன வேலை என்று அத்தனை ஜோடியும் சேர்ந்து பாடுவதைப் பார்த்தால் மாப்பிள்ளையின் அக்காவுக்குக் கோபம் வராது, சிரிப்புதான் வரும்.

ஒரே ஒரு விஷயம். ஜோடி மேடைக்கு வருகிற நேரத்தில் போடாதீர்கள். அந்த நேரத்தில் எல்லாருக்கும் பல்லவி மட்டும்தான் கேட்கும். சாப்பாடு முடிந்து பெரியவர்கள் வெற்றிலை தேடுகிற நேரத்தில் போடுங்கள், அசலையே போடுங்கள். ரீமிக்ஸில் அடி முன்னால் வந்து நிற்கிறது, சொல் பின்னால் போய்விடுகிறது.

கோபி_88

அண்ணா, படம் நல்ல படம்தான், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் பாட்டை மறுபடி கேட்டேன். படித்திருக்கிறேன் என்று சொல்கிற இடத்தில் சிரித்துவிட்டேன்.

பக்ஸ் ஃபிஸ் பதிவு செய்தது என்றீர்களே, அதைக் கேட்டிருக்கிறீர்களா? எப்படி இருக்கிறது?

பழைய_கீபோர்டு

கேட்டேன் தம்பி. ஆண் குரல், சுத்தமான பாட்டு, எங்கேயும் சுருதி விலகவில்லை. பயம் வரி வருகிறது, போகிறது. அடுத்த வரிக்குப் போய்விட்ட பிறகுதான் அது கடந்துபோனதே தெரிந்தது. தேவி கட்சிக்கு ஓர் ஓட்டு.

தேவி_சூரிச்

ஒன்று காணாது அண்ணா. டோனா சம்மர் பாடாமல் விட்டதையும் என்ர கணக்கில சேருங்கோ.

பழைய_கீபோர்டு

அதைத் தர மாட்டேன். டோனா சம்மர் பாடியிருந்தால் ரொம்ப நன்றாகப் பாடியிருப்பார்.